எள்ளலும் எள்ளப்படுதலும்: திரைப்படத்து இருள்நகை பற்றி ஓர் ஆராய்ச்சி

இம்மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியர் என்னும் முறையில் ஆகுபெயரைப் பற்றியோ அணியிலக்கணத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ சினிமா. அதிலும், பிணத்தையும் களவையும் கைக்கூலியையும் வைத்துச் சிரிப்பு மூட்டுகின்ற ஒருவகைச் சினிமா. விழா மலரில் இஃதென்ன என்று முகஞ்சுளிக்கும் பெரியோர்க்கு ஒன்று கூறுவோம். எம் வீரமுனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892 இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், ஆங்கில நாடகப் புலவரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ப்பெயரிட்டழைத்து, அவர்தம் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்தாராய்ந்து, 1926 இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலைத் தந்தார். கடல்கடந்து வந்த கூத்தினை அடிகளார் நம் அளவுகோல் கொண்டு நோக்கினார். நம் பிள்ளைகள் நாள்தோறும் கைத்தொலைபேசியிற் காணுங் கூத்தினை யாம் அவ்வாறு நோக்க முற்படுதல் குற்றமாகாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கென்றார். சிறுபிள்ளையின் மழலை கேட்டுச் சிரிக்கின்றோம், அஃது இளமை. அறியாதான் செய்யுஞ் செயல் கண்டு சிரிக்கின்றோம், அது பேதைமை. பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு விடாதவனைக் கண்டு சிரிக்கின்றோம், அது மடன். எள்ளல் மட்டும் சற்றுச் சிக்கலானது. பேராசிரியர் தம் உரையிலே அதனை இருவகைப்படுத்தினார். தான் பிறரை இகழ்ந்து நகுதல் ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இவ்வுரையை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வந்தும், இரண்டாம் வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு எமக்கு நெடுங்காலம் அகப்படவில்லை. இகழப்பட்டவன் எங்ஙனம் நகுவான்? சினப்பான், அழுவான், அன்றேல் ஒதுங்கிப் போவான். எமக்கு விடை கிடைத்தது ஏட்டிலன்று, திரையில்.

இருள்நகை என யாம் ஈண்டுக் குறிப்பது, சிரித்தற்குரியதல்லாத பொருளைக் கொண்டு சிரிப்பூட்டும் நகையினை. சாவு, நோய், சிறை, வஞ்சகம் என்பன அதன் பொருள். நகையோடு அச்சமும் இளிவரலும் அதிற் கலந்து வரும். இறுதியில் நல்லான் வெல்லத் தீயான் சிறைபுகும் சமூகப் படங்களினின்றும் இது வேறு. சார்லி சப்ளின் 1947 இல் வெளியிட்ட ‘மொன்சியர் வெர்டு’ என்னும் படத்திலே, தமது பழைய நாடோடி வேடத்தைக் களைந்துவிட்டு, வேலையிழந்த வங்கி எழுதுவினைஞன் ஒருவனாகத் தோன்றினார். செல்வப் பெண்டிரை மணந்து, கொன்று, அப்பொருளால் நோயுற்ற மனைவியையும் மகனையும் காப்பவன் அவன். போர்க்கருவிகளாற் பெருந்தொகையினரைக் கொல்லும் உலகத்தோடு ஒப்பிட்டால் தான் வெறுங் கற்றுக்குட்டி என்று அவன் நீதிமன்றத்திலே கூறுகின்றான். உலகப்போர் முடிந்து ஈராண்டே கழிந்திருந்த காலம் அது. அமெரிக்க மக்கள் அப்படத்தை வரவேற்கவில்லை. பிறரைச் சுட்டிய விரல் தம்பக்கம் திரும்பியபோது சிரிக்க அவர்கள் ஆயத்தமாக இருந்திலர்.

தமிழிலே இவ்வகைக்கு மூத்த பிள்ளை ‘இரத்தக்கண்ணீர்’. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகமாக ஊரூராய் நடிக்கப்பெற்றுப் பின்னர் 1954 இல் கிருஷ்ணன், பஞ்சு இருவரின் நெறியாள்கையிலே திரைக்கு வந்தது. எம் தந்தையார் தலைமுறையினர் படமாளிகையிலும் யாம் ஒளிநாடாவிலும் கண்ட படம். வெளிநாடு சென்று மீண்ட செல்வன் மோகனசுந்தரம் தாயையும் ஊரையும் கட்டிய மனைவியையும் எள்ளுகின்றான்; காந்தா என்னும் கணிகையிடம் பொருளனைத்தையும் இழக்கின்றான்; தொழுநோயுற்றுக் கண்ணிழந்து தெருவிலே இரக்கின்றான். கதையை இவ்வாறு சொன்னால் அது வெறும் அறவுரை. எம். ஆர். ராதா அதனை அறவுரையாக நடிக்கவில்லை. நோயுற்றபின்னும் மோகனசுந்தரத்தின் நா அடங்கவில்லை. முற்பாதியில் ஊரை எள்ளிய அதே குரல், பிற்பாதியில், சிதைந்த தன்னுடலையும், அதனைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் உலகத்தையும் சேர்த்தெள்ளுகின்றது. பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலையும் ஒரே நாவிலே வைத்துக் காட்டிய நடிகர் தமிழிலே வேறொருவர் எம் நினைவிற்கு வரவில்லை.

ஆயினும் அப்படத்தின்கண் உள்ள பெரும்பிழையொன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் கூலி என்று அது பார்ப்போரை எண்ணவைத்தது. அந்நோய் ஒரு நுண்கிருமியால் வருவது என்பதை நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் 1873 இலேயே கண்டறிந்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்த பல்மருந்துச் சிகிச்சையினால் அஃது இன்று முற்றாய்க் குணமாகின்றது. மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு மருத்துவமனையை அறியாதார் நம் மாகாணத்திலே மிகச் சிலர். அங்கே வைக்கப்பட்டோருட் பெரும்பாலோர் ஏழைக் குடியானவர்களும் மீனவர்களுமேயன்றிக் காந்தா வீட்டிற்குச் சென்ற சீமான்கள் அல்லர். எள்ளல் தவறான இடத்தில் விழுந்தால், அது குற்றமுடையானை விட்டுவிட்டு நோயாளியைச் சுட்டுவிடும். இருள்நகை கத்தியை ஒத்தது என்பார். பிடி எங்கே, அலகு எங்கே என்பதை எடுப்பவன் அறிந்திருத்தல் வேண்டும்.

சோ ராமசாமி 1968 இல் மேடையேற்றி 1971 இல் திரைப்படமாக்கிய ‘முகமது பின் துக்ளக்’ பெரிதும் அரசியற் கேலி. கல்லறையிலிருந்து உயிரோடு வந்த பழைய சுல்தானாக நடிக்கும் இளைஞன் ஒருவன் பிரதமராகின்றான், தன்பக்கம் வந்தோர் அனைவருக்கும் துணைப்பிரதமர் பதவி வழங்குகின்றான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகின்றான். இவ்வளவும் சிரிப்பு. இருள் வருவது முடிவிலே. மக்கள் முன் உண்மையை உடைத்துச் சொல்லுதல் என்பதே முதலிற் செய்த ஏற்பாடு. பதவியின் சுவை கண்டவன் சொல்ல மறுக்கின்றான். உடன்வந்த தோழன் உண்மையைச் சொல்ல, மக்கள் அத்தோழனையே பொய்யன் எனக் கொண்டு தாக்குகின்றனர். படம் முழுதும் அரசியல்வாதியைப் பார்த்துச் சிரித்த கூட்டம், இறுதியில், தன்னைப்போன்ற கூட்டமொன்று கல்லெடுப்பதைக் காண நேர்கின்றது.

இனிச் சற்றுத் தங்கிப் பேசவேண்டிய படத்திற்கு வருவோம். அது தமிழ்ப்படம் அன்று. குந்தன் ஷா 1983 இல் ஹிந்தியில் எடுத்த ‘ஜானே பீ தோ யாரோ’. பம்பாயிலே நிழற்படக் கடை வைத்துப் பிழைக்க முயலும் ஏழை இளைஞர் இருவர் தற்செயலாகக் கொலையொன்றின் தடயத்தைப் படமெடுத்து விடுகின்றனர். கொல்லப்பட்டவர் மாநகராட்சி ஆணையாளர். கொன்றவர், கட்டட ஒப்பந்தக்காரர். ஆணையாளர் ஒருவரிடங் கைக்கூலி பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை வேறொருவருக்குக் கொடுத்ததே வினை. கட்டிய மேம்பாலமோ இடிந்து வீழ்கின்றது. பிணம் ஒரு சான்று. ஆதலால் எல்லோருக்கும் அப்பிணம் வேண்டும். ஒப்பந்தக்காரர், அவருடைய எதிரி, பத்திரிகை ஆசிரியை, நம் இளைஞர் என யாவரும் பிணத்தைத் துரத்த, அது நாடக அரங்கொன்றினுட் புகுந்து விடுகின்றது. அங்கே நடப்பது மகாபாரதம்; துகிலுரியுங் கட்டம். பிணத்திற்குத் திரௌபதையின் சேலையைச் சுற்றி மேடையிலே நிறுத்துகின்றனர். சேலையை உரிந்தால் பிணம் வெளிப்படும்; ஆகவே துகில் உரிய வேண்டியவர்களே துகிலுரியலாகாது என்று வாதாடுகின்றனர். அரங்கினர் சிரிக்கின்றனர். யாமும் வயிறு நோகச் சிரித்தோம்.

பின்னர் ஒரு நாள் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீப்பள்ளயம் காணச் சென்றிருந்தபோது, அக்காட்சி எம் நெஞ்சிலே திரும்பவும் எழுந்தது. இங்கே பாண்டவர் வனவாசம் போகும் நாளில் ஊரே துயருற்று நிற்கும். திரௌபதைக்கு இழைத்த கொடுமையை நினைந்து பெண்கள் கண்ணீர் மல்குவர். நோன்பிருந்தோர் தீயிலே இறங்குவர். அங்கே திரையிலே அதே திரௌபதையின் சேலைக்குள் இருப்பது, கைக்கூலி வாங்கிச் செத்துப்போன உத்தியோகத்தர். அறத்தின் பொருட்டு மறைக்கப்பட்ட மானம் அன்று அச்சேலைக்குள் இருந்தது. இன்று ஊழலின் சான்று மறைக்கப்படுகின்றது. தெய்வநிந்தை என இதனைக் கொள்வாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. நாம் கைகூப்பும் கதைக்கும் நாம் நடத்தும் வாழ்க்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அளக்க, இயக்குநர் வேறு எந்தக் கதையை எடுத்திருப்பினும் அளவு சரியாய் வந்திராது.

அப்படத்தின் முடிவிலே ஒப்பந்தக்காரரும் அவர் எதிரியும் பொலிஸ் அதிகாரியும் பத்திரிகை ஆசிரியையும் ஒன்றுகூடித் தமக்குள் உடன்பாடு செய்துகொள்கின்றனர். பழி முழுவதும் இளைஞர் இருவர்மேல் விழுகின்றது. சிறையுடையிலே தெருவில் நடந்து வந்து, பார்ப்போராகிய நம்மை நோக்கித் தம் கழுத்தை அறுப்பது போற் கையாற் காட்டுகின்றனர். அத்தோடு படம் முடிகின்றது.

அறம் தோற்றுப்போகும் முடிவு பிள்ளைகளுக்கு ஏற்குமா என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளோர் கேட்கத்தக்க கேள்வி. அக்கேள்வியோடு எமக்கேற்பட்ட அனுபவமொன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே பாஞ்சாலி சபதம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ‘சூது கவ்வும்’ என்னும் சொற்கள் வந்ததும் வகுப்பிலே ஒரே சிரிப்பு. நலன் குமாரசாமி 2013 இல் எடுத்த அப்பெயருள்ள படத்தை அவர்கள் அனைவரும் பார்த்திருந்தனர். யாமும் பார்த்திருந்தோம் என்பதை அறிந்து வியந்தனர். பாரதியாரின் புகழ்பெற்ற அடியொன்றின் முற்பகுதியே படத்தின் பெயர். அறம் மீண்டும் வெல்லும் என்னும் பொருள்பட வரும் பிற்பகுதியைப் படம் விட்டுவிட்டது. இது பெயரளவில் நடந்த வெட்டா, கதையளவிலும் நடந்ததா என்று கேட்டோம்.

கதையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். தாஸ் என்பவன் ஆட்கடத்தல்காரன். அத்தொழிலுக்கு ஐந்து விதிகள் வகுத்திருக்கின்றான். அதிகாரத்திலுள்ளோர்மேற் கைவைத்தலாகாது என்பது அவற்றுள் முதன்மையானது. அவ்விதியை மீறி அமைச்சர் ஞானோதயத்தின் மகன் அருமைப்பிரகாசத்தைக் கடத்தப் புகுகின்றான். அமைச்சரோ கைக்கூலி கொடுக்க வந்தவனைப் பிடித்துக்கொடுத்த நேர்மையாளர். மகனோ தன் தந்தையிடமே பணம் பறிக்கத் தன்னைத்தானே கடத்திக்கொள்ள முயல்பவன். இறுதியிலே கட்சித் தலைமை என்ன செய்கின்றது? நேர்மையான தந்தையாற் கட்சிக்கு வருவாய் இல்லை எனக் கண்டு, மகனைத் தேர்தலில் நிறுத்துகின்றது. மகன் வெல்கின்றான்.

மாணாக்கர் இரு பிரிவாயினர். தாஸ் கள்வனாயினும் சொன்ன சொற்படி பங்கு பிரித்துக் கொடுப்பவன், ஆதலின் அவனே அப்படத்திலே அறவான் என்றனர் சிலர். அமைச்சர் அறவான், ஆனால் வீட்டிலே ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது என்றான் ஒருவன். மற்றொருவன் ‘மச்சான்’ படத்தை எடுத்துக் காட்டினான். இலங்கையிலிருந்து 2004 இல் கைப்பந்தாட்ட அணி என்று சொல்லிக்கொண்டு ஜேர்மனி சென்ற இருபத்துமூவர் அங்கே மறைந்துபோன உண்மைச் செய்தியை வைத்து, இத்தாலியரான உபேர்ட்டோ பசொலினி 2008 இல் எடுத்த படம் அது. அந்தப் பொய்யும் சூது தானா, அன்றிப் பசித்தவன் வழியா என்பது அவன் வினா. நல்ல வினா. கள்வருள் வேறுபாடு காண்பது அறத்தைக் கைவிடுதல் ஆகாது என்றும், சிரித்து முடித்தபின் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று எண்ணிப் பார்ப்பதே இப்படங்களைப் பார்க்கும் முறை என்றும் விடை பகர்ந்தோம். அத்தோடு நின்றிருக்கலாம். பொய்ப்பத்திரம் கொடுத்துக் காரியம் பார்ப்பது நாட்டைக் கெடுக்கும் நோய் என்று ஆசிரியத்தனமாக ஒரு வாக்கியமும் சேர்த்தோம். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், நீங்க ஒருநாளும் பொய்ப் பத்திரம் ஒண்டும் குடுக்கல்லயா?”

குறும்பாகக் கேட்டானல்லன், அறிய விரும்பியே கேட்டான். மணி அடித்தது. யாம் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தோம்.

அதன்பின் 2021 இல் மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரு நாள் முன்னர், ஏப்ரல் 4 ஆந் திகதி தொலைக்காட்சியிலே வெளியாகிப் பின்னர் வசனத்திற்கும் அறிமுக இயக்கத்திற்கும் இந்திய தேசிய விருதுகள் பெற்றது. சூரங்குடி என்னும் ஊரிலே இரு சாதியார். தேர்தலில் இரு பக்கத்திற்கும் வாக்குச் சமம். ஊரார் மனிதனாகவே மதியாத முடிதிருத்துவோன் ஒருவனின் வாக்கு மட்டும் எஞ்சி நிற்கின்றது. அவனுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. அஞ்சலகத்துப் பெண்ணொருத்தி சேமிப்புக் கணக்குத் தொடங்கும்பொருட்டு வைத்த பெயரே நெல்சன் மண்டேலா. நேற்று வரை வீட்டு முன்வாயிலில் அவனை விடாதவர்கள் இன்று அவன் காலடியிலே பரிசுகளைக் குவிக்கின்றனர். இப்படத்தைச் சம்மாந்துறையிலுள்ள எம் நண்பராகிய ஆசிரியர் ஒருவரின் வீட்டிலே இருந்து பார்த்தோம். பாதியிலே அவர், “நம்மட ஊரிலயும் ஒரு வோட்டு இப்பிடி மிஞ்சினா நாம மட்டும் சும்மாவா உடுவம், மாஸ்டர்?” என்றார். இருவரும் சிரித்தோம். தம்மையும் எம்மையும் ஒருங்கே எள்ளிய அச்சிரிப்பிலே, பேராசிரியரின் இரண்டாம் வகைக்கு எமக்கோர் எடுத்துக்காட்டுக் கிடைத்தது.

முழுமையான எடுத்துக்காட்டு எம் வீட்டிலேயே இருந்தது. அதனைக் கிளறியது சாகேத் சௌதுரி 2017 இல் எடுத்த ‘ஹிந்தி மீடியம்’. டில்லியிலே பெரிய பாடசாலையொன்றில் ஏழைப்பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தைத் தம் மகளுக்குப் பெறும்பொருட்டு, செல்வராகிய பெற்றோர் ஏழைகள் போல் நடித்துச் சேரியிலே குடியேறுகின்றனர். அவர்தம் வறுமையை உண்மையென நம்பிய அயல்வீட்டு ஏழை, அவர்களுக்குப் பாடசாலைப் பணம் தேடிக்கொடுக்க, ஓடும் காரின் முன்னே தானாகப் போய் விழுந்து இழப்பீடு வாங்குகின்றான். அவ்விடத்தைப் பெற்றிருக்க வேண்டியது அவ்வேழையின் மகன். படம் பெரும்பாலும் வெளிச்சமான நகைச்சுவையே. இவ்வொரு காட்சி மட்டும் இருள். அதனைப் பார்த்தபின் எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

யாம் முன்னர் வேறொரு நகரிலே பணியாற்றிய காலத்திற் பெயர்பெற்ற பாடசாலையொன்றின் அருகே வாடகைக்கு இருந்தோம். அந்நகரின் பெயரும் பாடசாலையின் பெயரும் ஈண்டு வேண்டா. முதலாந் தரத்திற்குப் பிள்ளை சேர்க்கும் முறையை இம்மலர் படிக்கும் பெற்றோர் நன்கறிவர். அருகில் வதிவோர்க்குப் பெரும்பங்கு இடம். வாக்காளர் இடாப்பிற்குப் புள்ளி, வீட்டுப் பத்திரத்திற்குப் புள்ளி. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒரு பங்குண்டு. பிள்ளைக்கு நாலு வயது நிரம்பும் ஆண்டிலே பலருக்குத் தாம் படித்த பாடசாலைமேல் அன்பு பெருக்கெடுப்பது அதனால் என்று பொல்லாதவர்கள் சொல்வதுண்டு. எம் கல்லூரிச் சங்கத்தாரை யாம் சொல்லவில்லை. எம் மைத்துனர் தூரத்திலே குடியிருந்தார். அவர் மகனுக்கு இடம் வேண்டும். எம் முகவரியிலே அவர் குடும்பம் சில ஆண்டுகளாக வாழ்வதாகப் பத்திரங்கள் எழுந்தன. யாமே கையொப்பமிட்டோம். ஆசிரியர் கையொப்பம் என்பதால் அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது.

வீட்டைப் பார்வையிட மூவர் வந்தனர். அதற்கு முதல்நாளே பிள்ளையின் சப்பாத்தும் விளையாட்டுப் பொருளும் கொண்டுவந்து வைக்கப்பட்டன. சுவரிலே அவர்கள் குடும்பப்படம் தொங்கியது. தேநீர் வந்தது, யாவும் ஒழுங்காக நடந்தன. அப்பொழுது பிள்ளை தாயின் மடியிலிருந்து இறங்கி உரத்த குரலிலே, “அம்மா, மாமாட வீடு காணும். எப்ப நம்மட வீட்ட போற?” என்றான்.

ஒருகணம் அமைதி. பின் எல்லோரும் சிரித்தோம். வந்தவர் மூவரும் சிரித்தனர். மைத்துனரும் அவர் மனைவியும் சிரித்தனர். சிரித்தபடியே படிவத்திற் கையொப்பமிட்டு எழுந்து சென்றனர். பிள்ளையின் இளமையிலே பிறந்த நகை அது என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். உண்மை அதுவன்று. வந்தவர்கள் எம்மை எள்ளி நகைத்தனர். எள்ளப்பட்டதை அறிந்தே யாமும் உடன் நகைத்தோம். பேராசிரியர் உரைக்கு எடுத்துக்காட்டுத் தேடிய தமிழாசிரியனுக்கு அதைவிடத் தெளிவானதொன்று இனிமேற் கிடைக்கப்போவதில்லை.

அப்பிள்ளை அப்பாடசாலையிலேயே படித்துப் பெரியவனாகிவிட்டான். கெட்டிக்காரன். அவ்வாண்டு அதே தெருவிலே, பாடசாலைக்கு எம் வீட்டைக் காட்டிலும் சற்றுத் தள்ளியிருந்த தையற்காரர் ஒருவரின் மகனுக்கு இடங்கிடைக்கவில்லை. எம் முகவரியினால்தான் அவன் இடம் போயிற்று என்று அறுதியாகச் சொல்ல எம்மால் இயலாது. வரிசையிலே அவனுக்கு முன் எத்தனை பேர் என்பதை யாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்நாளிலேயே அறிந்திருக்கலாம்.

பின்வாங்கிலிருந்து வினவிய மாணவன் பல்கலைக்கழகம் சென்றுவிட்டான். சங்கத்தின் புதிய பட்டியலிலே அவன் பெயரையும் முகவரியையும் கண்டோம். ஆதலால் இம்மலர் அவன் கைக்கும் போய்ச் சேரும்.